சூளையும் தொழிலும்: பிராண்டன்பர்க் செங்கல் மரபைக் காக்கும் இரு வழிகள்

1. ஆய்வுப் பொருள்

ஜெர்மனியின் தலைநகரான பெர்லினைச் சுற்றியுள்ள பிராண்டன்பர்க் சமவெளியில் கட்டடம் எழுப்ப ஏற்ற மலைக்கல் மிக அரிது. பனியூழிக் காலத்துப் பனிப்பாறைகள் அங்கே விட்டுச் சென்றவை மணல், உருண்டைப் பாறைகள், இடையிடையே தடித்த களிமண் படுகைகள் ஆகியவைதாம். ஆகையால் 12ஆம் நூற்றாண்டு முதல் அந்நிலத்தில் எழுந்த துறவு மடங்களும் நகரத் தேவாலயங்களும் கோட்டை வாயில்களும் பெரும்பாலும் செங்கல்லை நம்பியே எழுந்தன.

அம்மரபைத் தாங்கிய சூளைகளில் இரண்டை இக்கட்டுரை எடுத்துக்கொள்கிறது. ஒன்று, பொட்ஸ்டாமுக்கு மேற்கே வெர்டர் நகரை ஒட்டியுள்ள கிளிண்டோ. மற்றொன்று, பெர்லினுக்கு வடக்கே செடெனிக் நகரை ஒட்டியுள்ள மில்டன்பெர்க். இரண்டும் ஹாவெல் ஆற்றின் நீர்வழியைச் சேர்ந்தவை. இரண்டும் பெர்லினுக்குச் செங்கல் அனுப்பியவை. ஆனால் 1990க்குப் பிறகு இரண்டும் வெவ்வேறு வழியில் காக்கப்பட்டன. மில்டன்பெர்க் அருங்காட்சியகம் ஆயிற்று; கிளிண்டோ கைவேலைச் செங்கல் செய்து விற்கும் பட்டறையாகத் தொடர்ந்தது.

ஒரு பழந்தொழிலைக் காப்பது என்றால் எதைக் காப்பது? கட்டடத்தையா, கருவியையா, கைப்பழக்கத்தையா? இதுவே இங்கு எழுப்பப்படும் கேள்வி. சூளை நிலைத்திருப்பதால் மட்டும் தொழில் நிலைப்பதில்லை. அந்தச் சூளையில் வெந்த கல்லை வாங்கிச் சுவரில் வைப்பவர் இருக்கும் வரையே தொழில் நிலைக்கும் என்பது இக்கட்டுரையின் முடிபு.

2. மண்ணும் மடங்களும்

சிஸ்டெர்சியன் துறவியருக்காக 1180இல் லேனின் என்னும் ஊரில் ஒரு மடம் நிறுவப்பட்டது. பிராண்டன்பர்க் பகுதியின் தொடக்க காலச் செங்கல் கட்டடங்களுள் அம்மடத்தின் தேவாலயம் முக்கியமானது. பின்னாளில் எழுந்த கொரின் மடமும் செங்கல்லால் ஆனதே. கிளிண்டோ ஊர் நெடுங்காலம் லேனின் மடத்தின் உடைமையாக இருந்தது. மண் தோண்டுதலும் கல் சுடுதலும் அவ்வூரில் வேரூன்றியதற்கு அந்த மடத்தின் தேவை ஒரு காரணம்.

அக்காலத்துக் கற்கள் இன்றையவற்றைவிடப் பெரியவை. மடங்களில் காணப்படும் கல் ஏறத்தாழ 28 சென்டிமீட்டர் நீளமும் 14 சென்டிமீட்டர் அகலமும் 9 சென்டிமீட்டர் உயரமும் கொண்டது. ஊருக்கு ஊர், அச்சுக்கு அச்சு இந்த அளவு சற்று மாறும். 1872இல் ஜெர்மன் பேரரசு 25 × 12 × 6.5 சென்டிமீட்டர் என ஒரே அளவை வகுத்தது. கணக்கிடவும் விலை பேசவும் அது பெருவசதி. ஆனால் அந்த ஆண்டுக்கு முன் எழுந்த எந்தச் சுவரைப் பழுதுபார்ப்பதானாலும் கடையில் கிடைக்கும் கல் பொருந்தாது என்ற நிலை அன்றே பிறந்துவிட்டது.

19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் கட்டடக் கலைஞர் கார்ல் ஃபிரீட்ரிஷ் ஷிங்கெல், பூச்சு இல்லாத செங்கல் முகப்புக்குப் பெர்லினில் மீண்டும் மதிப்பைத் தேடித் தந்தார். 1830களில் அவர் கட்டிய கட்டடக் கலைக் கல்விக்கூடம் அதற்குச் சான்றாக நின்றது. பூச்சுக்குள் மறையும் கல்லில் குறை இருந்தால் தெரியாது. வெளியே தெரியும் கல்லுக்கு விளிம்பும் நிறமும் சீராக இருக்க வேண்டும். சூளைக்காரரின் திறமைக்கு நகரம் விலை கொடுக்கத் தொடங்கியது அப்போதுதான்.

3. பச்சைக் கல் உருவாகும் முறை

3.1 மண்ணைப் பக்குவப்படுத்துதல்

கைவேலை முறையில் இலையுதிர் காலத்திலேயே மண்ணைத் தோண்டி மேடாகக் குவித்து வைப்பார்கள். குளிர்காலம் முழுவதும் அது வெட்டவெளியில் கிடக்கும். மண்கட்டிக்குள் இருக்கும் நீர் உறைந்து விரியும்போது கட்டி தானாக உடைந்து பொடியாகும். நம் ஊரில் கோடை மழைக்குப் பின் மண்ணைப் புளிக்க வைத்து மிதித்துப் பெறும் பக்குவத்தை அங்கே உறைபனி பாதி செய்து தருகிறது.

இளவேனிலில் அந்த மண்ணைக் குழியில் இட்டு நீர் விட்டு ஊற வைப்பர். பின் மர உருளைக்குள் கத்திகள் சுழலும் பிசைபொறியில் போடுவர். ஆரம்பத்தில் குதிரை சுற்றி வந்து அதை இயக்கிற்று. பிறகு நீராவி இயந்திரம் வந்தது. மண் மிகக் கொழுப்பாக இருந்தால் காயும்போது வெடிக்கும். அதற்கு மணல் சேர்ப்பர். சுண்ணாம்புக் கட்டி கலந்திருந்தால் சுட்ட பிறகு அது ஈரத்தை இழுத்து ஊதிக் கல்லின் முகத்தைப் பெயர்த்துவிடும். ஆகவே மண்ணை நன்றாகப் பிசைவது அழகுக்கான வேலை அன்று, கல்லின் ஆயுளுக்கான வேலை.

3.2 கல் அறுத்தல்

கல் அறுப்பவர் மேசை முன் நின்று வேலை செய்வார். மர அச்சை நீரில் நனைத்தோ மணலில் புரட்டியோ எடுப்பார். தேவையான அளவுக்குச் சற்றே கூடுதலாக மண்ணை இரு கைகளாலும் எடுத்து, உருட்டி, அச்சுக்குள் ஓங்கி அடிப்பார். இந்த அடியில்தான் வேலையின் நயம் இருக்கிறது. வேகம் குறைந்தால் மூலை நிரம்பாது. உருண்டை கோணலாக விழுந்தால் கல்லுக்குள் மடிப்பு விழுந்து வேகும்போது பிளக்கும். மிஞ்சிய மண்ணை மரப்பட்டையால் ஒரே இழுப்பில் வழித்தெடுப்பார். அச்சைப் பலகையில் கவிழ்த்தால் பச்சைக் கல் வெளிவரும்.

கையால் அறுத்த கல்லின் முகத்தில் மணலின் சொரசொரப்பும், மண் மடிந்த மெல்லிய வரிகளும் தெரியும். ஒரு கல் இன்னொன்றைப் போல் இருக்காது. இயந்திரத்தில் அழுத்தி நீட்டிக் கம்பியால் வெட்டிய கல்லில் இந்த வேறுபாடு இல்லை. அக்கல் அடர்த்தியானது, முகம் வழவழப்பானது.

கல்லைச் சுமந்து களத்தில் பரப்புவது பெரும்பாலும் சிறுவர்களின் வேலையாக இருந்தது. சற்று இறுகியதும் காற்றோட்டமுள்ள கொட்டகையில் அடுக்கி வாரக்கணக்கில் நிழலில் உலர்த்துவர். வெயிலும் காற்றும் ஒரே பக்கம் பட்டால் கல் வளையும்.

3.3 ஓடு

பிராண்டன்பர்க் வீடுகளின் கூரையில் காண்பது தட்டையான ஓடு. அதன் கீழ்நுனி வளைவாக இருக்கும். மேல்நுனியின் பின்புறம் சிறு மூக்கு ஒன்று இருக்கும். அந்த மூக்கால் ஓடு ரீப்பரில் தொங்குகிறது. மெல்லிய சட்டத்தில் மண்ணைப் பரப்பி வழித்து, மூக்கைத் தனியே ஒட்டி அமுக்கிச் செய்வது பழைய முறை. ஓடு செங்கல்லைவிட மெல்லியது என்பதால் உலரும்போதும் சுடும்போதும் எளிதில் கோணும். மேலடுக்கு ஓடு கீழடுக்கைப் பாதிக்கு மேல் மூடும்படி வேய்வதால் மழை உள்ளே இறங்காது. ஒன்று உடைந்தால் அதை மட்டும் மாற்றிவிடலாம்.

4. வட்டச் சூளை

4.1 அமைப்பு

பழைய சூளைகளில் கல்லை அடுக்கித் தீ மூட்டி, வெந்ததும் ஆற விட்டு, பிரித்து, மீண்டும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். ஒவ்வொரு முறையும் சூளைச் சுவரைச் சூடாக்கச் செலவான வெப்பம் வீண். இதை மாற்றியவர் ஃபிரீட்ரிஷ் ஹாஃப்மன். 1858இல் பிரஷ்ய அரசு அவருடைய வட்டச் சூளைக்குக் காப்புரிமை வழங்கிற்று. அதே வகைக் கருத்தை வேறொருவர் முன்பே செயல்படுத்தியிருந்தார் என்ற வாதத்தின் பேரில் 1870இல் பிரஷ்யாவில் அந்த உரிமை நீக்கப்பட்டது. அதன்பின் யார் வேண்டுமானாலும் கட்டலாம் என்றாகி, சூளை எங்கும் பரவியது.

வளைந்து தன்னையே வந்து சேரும் ஒரு வளைவுக்கூரைச் சுரங்கம்தான் இச்சூளை. வெளிச்சுவரில் வரிசையாக வாயில்கள். ஒரு வாயிலுக்கு ஓர் அறை என்று கணக்கு. பெரும்பாலான சூளைகளில் இத்தகைய அறைகள் 12 முதல் 20 வரை இருக்கும். இங்கே கல் நகர்வதில்லை, தீ நகர்கிறது.

ஓர் அறையில் கல் வெந்துகொண்டிருக்க, அதற்குப் பின்னுள்ள அறைகளில் வெந்த கல் ஆறுகிறது. வெளிக்காற்று அந்த அறைகள் வழியே நுழைந்து, ஆறும் கல்லின் சூட்டை வாங்கிக்கொண்டு தீயை அடைகிறது. தீயைக் கடந்த புகை, முன்னுள்ள அறைகளில் அடுக்கிய பச்சைக் கல்லைச் சூடேற்றி ஈரத்தைப் போக்கிவிட்டுப் புகைபோக்கிக்குச் செல்கிறது. எரிபொருளில் பாதிக்கும் மேல் மிச்சம். சூளையின் மேல்மாடியில் எழும் சூட்டில் பச்சைக் கல்லை உலர்த்திக்கொள்வதும் உண்டு.

4.2 தீயைக் காப்பவர்

புதிதாக அடுக்கிய அறைக்கும் அதற்கு அடுத்த வெற்று அறைக்கும் இடையே காகிதத்தை ஒட்டித் தடுப்பு வைப்பார்கள். காற்று கண்டபடி போகாமல் அது தடுக்கும். தீ நெருங்கியதும் காகிதம் தானே எரிந்து வழிவிடும். பெரிய இரும்புக் கதவு செய்யும் வேலையை ஒரு தாள் செய்தது.

கரி போடுபவர் சூளையின் முதுகில் நடப்பார். அங்கே வரிசையாகச் சிறு துளைகள், ஒவ்வொன்றுக்கும் இரும்பு மூடி. மூடியைத் தூக்கித் தணலின் நிறத்தைப் பார்த்து, சிறு கரண்டியளவு நிலக்கரித் தூளைப் போட்டு மூடுவார். சில நிமிடங்களில் அடுத்த சுற்று. இரவும் பகலும் இது நிற்காது. 1,000 டிகிரி செல்சியஸை நெருங்கும் வெப்பத்தைக் கண்ணாலேயே அளப்பார். கல் வேகும்போது சுருங்குவதால் அடுக்கு கீழே இறங்கும். எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று கம்பியை விட்டுப் பார்த்து, வெந்தது போதும் என்று முடிவு செய்வார். பெரும்பாலும் ஒரு நாளைக்கு ஓர் அறை என்ற கணக்கில் தீ நகரும்.

இந்த அறிவு ஏட்டில் முழுவதும் எழுதப்படவில்லை. அருகிலிருந்து பார்த்துக் கற்ற ஒருவரிடமிருந்தே அடுத்தவருக்குச் செல்கிறது. சூளையைப் பாதுகாக்கும் எந்தத் திட்டமும் முதலில் எண்ண வேண்டியது இவரைத்தான்.

5. உழைத்தவர்கள்

5.1 லிப்பே நாட்டுப் பருவத் தொழிலாளர்

பிராண்டன்பர்க் சூளைகளில் உள்ளூரார் மட்டும் வேலை செய்யவில்லை. மேற்கு ஜெர்மனியில் லிப்பே என்றொரு சிறு குறுநாடு இருந்தது. 1900இல் அதன் மக்கள்தொகை ஒன்றரை லட்சத்துக்கும் குறைவு. அங்கிருந்து ஆண்டுதோறும் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட ஆண்கள் இளவேனிலில் புறப்பட்டு, பல நாட்டுச் சூளைகளில் வேலை செய்து, இலையுதிர் காலத்தில் வீடு திரும்பினர். ஒரு மேஸ்திரியின் கீழ் குழுவாகச் சேர்ந்து, எண்ணிக்கைக் கூலிக்கு வேலை பிடித்து, ஒரே அடுப்பில் சமைத்து உண்டனர். நாவலாசிரியர் தியோடர் ஃபோன்டானே, பிராண்டன்பர்க் பயண நூலில் கிளிண்டோவுக்குத் தனி அத்தியாயம் ஒதுக்கி, அங்கு வந்த லிப்பே தொழிலாளரைப் பற்றியும் எழுதினார். அவர்கள் ஊரிலிருந்த ஒரு பழைய சூளையும் இன்று லாகே நகரில் அருங்காட்சியகமாக உள்ளது. தொழிலாளரின் பக்கத்திலிருந்து இவ்வரலாற்றைச் சொல்வது அதன் சிறப்பு.

5.2 மறக்கக் கூடாத பக்கம்

பிராண்டன்பர்க் செங்கல் வரலாற்றில் பெருங்கறை ஒன்று உண்டு. நாஜிகளின் எஸ்.எஸ். படை 1938இல் ஒரு கட்டுமானப் பொருள் நிறுவனத்தைத் தொடங்கி, ஒரானியன்பர்க் அருகே லேனிட்ஸ் நீர்ப்பூட்டை ஒட்டிப் பெரும் செங்கல் ஆலையை அமைத்தது. பெர்லினை மாற்றிக் கட்டும் ஹிட்லரின் திட்டத்துக்குக் கல் கொடுப்பது அதன் நோக்கம். வேலை செய்தவர்கள் ஸாக்ஸன்ஹௌஸன் வதைமுகாம் கைதிகள். பலர் அங்கேயே மாண்டனர். செங்கல் மரபைப் போற்றும் எந்த ஆய்வும் இதை விட்டுவிட்டு எழுதினால் அது முழுமையான ஆய்வு ஆகாது.

6. எழுச்சியும் வீழ்ச்சியும்

1871இல் பெர்லினின் மக்கள்தொகை ஏறத்தாழ 8 லட்சம். 1910இல் அது 20 லட்சத்தைத் தாண்டிற்று. இந்த வளர்ச்சிக்கு வேண்டிய கல்லைக் கிளிண்டோ முதலிய பழைய இடங்களால் மட்டும் தர இயலவில்லை. அந்த நேரத்தில், 1887இல் செடெனிக் பகுதியில் ரயில் பாதை போடும்போது பெரும் களிமண் படுகை வெளிப்பட்டது. 20 ஆண்டுகளுக்குள் அங்கே 50க்கும் மேற்பட்ட வட்டச் சூளைகள் எழுந்தன. 1910ஆம் ஆண்டளவில் அவை ஆண்டுக்கு 60 கோடிக்கும் மேற்பட்ட கற்களைச் சுட்டன. ஐரோப்பாவின் மிகப் பெரிய செங்கல் வட்டாரமாக அது கருதப்பட்டது. தோண்டிய மண் சிறு ரயிலில் சூளைக்கு வந்தது. சுட்ட கல், கால்வாய்ப் பூட்டுகளுக்கு ஏற்ப 40 மீட்டர் அளவு நீளத்தில் கட்டப்பட்ட படகுகளில் பெர்லினுக்குச் சென்றது.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் கிழக்கு ஜெர்மனியில் சூளைகள் அரசுடைமை ஆயின. நாளடைவில் வீடுகள் பெரும் கான்கிரீட் பலகைகளால் கட்டப்பட்டன. 1990இல் நாடு ஒன்றிணைந்ததும் பழைய சூளைகளால் புதிய சந்தையில் போட்டியிட முடியவில்லை. மில்டன்பெர்க்கில் 1991இல் உற்பத்தி நின்றது. மண் எடுத்த குழிகளில் நீர் நிறைந்து, இன்று அங்கே ஏரிகள் வரிசையாக இருக்கின்றன.

7. காக்கும் இரு வழிகள்

7.1 மில்டன்பெர்க்: காட்சி வழி

1997 முதல் மில்டன்பெர்க் சூளைகள் பொதுமக்களுக்கான செங்கல் பூங்காவாகத் திறந்திருக்கின்றன. வட்டச் சூளைக்குள் நடந்து பார்க்கலாம். மண் ஏற்றிய சிறு ரயிலில் ஏறி, குழிகள் இருந்த நிலத்தைச் சுற்றி வரலாம். நீராவி இயந்திரமும் படகுத்துறையும் காக்கப்பட்டுள்ளன. ஐரோப்பியத் தொழில் மரபு வழித்தடத்தின் முக்கிய நிலையங்களுள் இது ஒன்று.

இதன் நன்மை பெரிது. ஒரு நகரம் எதனால் கட்டப்பட்டது என்பதை முழு அளவில் காண வைக்கிறது. பள்ளிப் பிள்ளைகள் அங்கே மண்ணைத் தொடுகிறார்கள். ஆனால் பெருஞ்சூளையில் தீ இல்லை. கரி போடுபவரின் கண்ணும், கல் அறுப்பவரின் தோளும் காட்சிப் பலகையின் விளக்கமாக நின்றுவிடுகின்றன.

7.2 கிளிண்டோ: உற்பத்தி வழி

கிளிண்டோவிலும் ஓர் அருங்காட்சியகம் உண்டு. 1890இல் கட்டிய கோபுரம் ஒன்றில் அது அமைந்துள்ளது. ஆனால் அதற்கு அருகிலேயே, 19ஆம் நூற்றாண்டு வட்டச் சூளையில் கையால் அறுத்த கல்லைச் சுட்டு விற்பதைத் தொழிலாகக் கொண்டு ஒரு பட்டறை 1990க்குப் பின் புத்துயிர் பெற்றது. அதன் சந்தை, புதிய வீடு கட்டுபவர் அல்லர். பழைய கட்டடங்களைப் புதுப்பிப்பவர்.

இந்தச் சந்தை எங்கிருந்து வருகிறது? 1872க்கு முந்தைய கல்லின் அளவு வேறு என்பதில் இருந்துதான். 9 சென்டிமீட்டர் உயரமுள்ள வரியில் 6.5 சென்டிமீட்டர் கல்லை வைத்தால் வரி ஒட்டாது. அளவு மட்டும் அன்று, தன்மையும் சேர வேண்டும். மென்மையான பழங்கல்லுக்கும் சுண்ணாம்புச் சாந்துக்கும் நடுவே அடர்த்தியான இயந்திரக் கல்லைச் செருகினால், ஈரம் அதன் வழியே வெளியேறாமல் அக்கம்பக்கத்துப் பழங்கல்லில் தேங்கும். குளிர்காலத்தில் அந்த ஈரம் உறைந்து பழங்கல்லின் முகத்தைப் பெயர்க்கும். ஒட்டுப்போட்ட கல் பிழைக்க, ஒட்டுப்போடப்பட்ட சுவர் சாகும். பொட்ஸ்டாமில் 18ஆம் நூற்றாண்டில் கட்டிய டச்சுக் குடியிருப்பு போன்ற செங்கல் முகப்புகள் நிறைந்த வட்டாரத்தில் இத்தேவை தீர்ந்துபோவதில்லை.

7.3 ஒப்பீடு

காட்சி வழி, கட்டடத்தையும் நினைவையும் காக்கிறது. அதற்குப் பொதுப்பணம் வேண்டும். உற்பத்தி வழி, கைப்பழக்கத்தைக் காக்கிறது. அதற்கு வாங்குபவர் வேண்டும். முதல் வழியில் பணம் நின்றால் கதவு மூடும், கட்டடம் இருக்கும். இரண்டாம் வழியில் ஆர்டர் நின்றால் கையே மறக்கும், அதை மீட்க முடியாது. ஆகவே இரண்டில் எது எளிதில் முறியக்கூடியதோ அதற்கே அரசின் துணை முதலில் வேண்டும். அந்தத் துணை மானியமாக இருப்பதைவிடக் கொள்முதலாக இருப்பதே மேல். ஏனெனில் கல் சுவருக்குப் போகும்போதுதான் அதன் தரம் சோதிக்கப்படுகிறது.

8. தமிழகத்துக்கு உள்ள தொடர்பு

ஹாஃப்மன் சூளையின் கருத்து இந்தியாவுக்கும் வந்தது. வில்லியம் புல் என்னும் பொறியாளர் 1876இல் அதையே கூரையின்றி நிலத்தில் தோண்டிய அகழியாக எளிமைப்படுத்தினார். தீ நகரும், கல் நகராது என்ற அதே கொள்கைதான். அதன் வழிவந்த சூளைகளையே நாம் சேம்பர் என்கிறோம். மேற்குக் கரையில் பாசல் மிஷன் என்னும் கிறித்தவச் சமயப்பணி அமைப்பு 1860களில் மங்களூரில் தொடங்கிய ஓட்டுத் தொழிலின் வழியாக, பின்புறம் கம்பெனிப் பெயர் பதித்த ஓடு தமிழ்நாட்டு வீடுகளின் கூரைக்கு வந்தது.

தொழிலாளர் வரலாற்றிலும் ஒற்றுமை உண்டு. லிப்பேயிலிருந்து பிராண்டன்பர்க்குக்குச் சென்றவர்களைப் போல, ஒடிசாவிலிருந்து திருவள்ளூர், காஞ்சிபுரம் சூளைகளுக்குக் குடும்பம் குடும்பமாக வருகிறார்கள். முன்பணக் கடனில் சிக்கியவர்களைக் கொத்தடிமை நிலையிலிருந்து அதிகாரிகள் மீட்ட நிகழ்வுகள், கொத்தடிமை முறையை ஒழித்த 1976ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பின்னும் நடந்திருக்கின்றன. சூளை மரபைக் காப்போம் என்னும் பேச்சு, நியாயக் கூலியையும் பிள்ளைகளின் படிப்பையும் உள்ளடக்காவிட்டால் அது யாருடைய மரபு என்ற கேள்வி எழும்.

பழைய கல்லின் தேவையும் இங்கே குறைவில்லை. கீழடியில் கிடைத்த அகலமான கற்கள், நாயக்கர் காலத்து மெல்லிய கற்கள், மெட்ராஸ் டெரஸ் தளத்துக்கு நிறுத்தி வைத்த சிறு கற்கள் என ஒவ்வொரு காலத்துக்கும் ஓர் அளவு. இவற்றைப் புதுப்பிக்கும் இடங்களில் இன்றைய சேம்பர் கல்லைச் செருகி சிமென்ட் பூசுவது, கிளிண்டோவின் கல் தவிர்க்கும் அதே பிழையை இங்கே செய்வதாகும்.

9. முடிவுரை

கிளிண்டோ, மில்டன்பெர்க் ஆகியவற்றை ஒப்பிட்டதில் தெளிவாவது இது: அருங்காட்சியகம் வேண்டும், ஆனால் அது போதாது. கல் அறுப்பவரின் கையைக் காக்க வல்லது ஆர்டர் ஒன்றே.

எனவே நம் தொல்லியல் துறையும் பொதுப்பணித் துறையும் அறநிலையத் துறையும் மூன்று காரியங்களை உடனே செய்யலாம். காக்கப்படும் ஒவ்வொரு செங்கல் கட்டடத்தின் கல் அளவையும் மண்ணின் தன்மையையும் பதிவு செய்து, புதுப்பிக்கும் மதிப்பீட்டில் அதைக் கட்டாயமாகச் சேர்க்க வேண்டும். அந்த அளவில் கையால் கல் அறுத்துத் தரும் நாட்டுச் சூளைகளை மாவட்டந்தோறும் அடையாளம் கண்டு, நியாயக் கூலி என்னும் நிபந்தனையோடு ஆண்டுதோறும் கொள்முதல் செய்ய வேண்டும். அங்குள்ள மூத்த தொழிலாளரிடம் இளைஞர் சம்பளத்தோடு பழக வழி செய்ய வேண்டும். இதற்குப் புதிய சட்டம் தேவையில்லை. ஒப்பந்தப் புள்ளியில் சில வரிகள் கூடுதலாக எழுதினால் போதும்.